பெங்களூரின் பெயர்ப்பலகைகள்



தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் பக்கத்திலேயே 'பெங்களூர் அய்யங்கார் பேக்கரி' என்றொரு பலகை பெரும்பாலும் கண்ணில் படும். பெங்களூருக்கே போகாதவர்கள்கூட அந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பலகையில்தான் இருக்கும். 1898இல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் சிக்பேட்டையில் 'பெங்களூர் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஒரு பேக்கரி தொடங்கினார். அவர் வழியில் அதே ஹாசன் பக்கத்து அய்யங்கார் குடும்பங்கள் பல இந்தத் தொழிலுக்கு வந்தன. ரொட்டியும் கேக்கும் வேற்றுச் சரக்காகத் தெரிந்த காலம் அது. முட்டை கலந்திருக்குமோ என்று வாசலில் தயங்கி நின்றவர்களுக்கு, பலகையில் இருந்த 'அய்யங்கார்' என்ற ஒரு சொல்லே போதுமான உத்தரவாதமாக இருந்தது.

நல்ல பலகைக்கு இலக்கணம் இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன கிடைக்கும், யார் வரலாம் என்பதை இரண்டு மூன்று சொற்களில், நாம் படியேறும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தக் கலையில் பெங்களூருக்கு ஈடான ஊரை நான் பார்த்ததில்லை.

'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் பட்டாளத்துக்காரர்களின் கேன்டீன் என்று விலகிப் போய்விடக்கூடும். உள்ளே போனால் ராகி முத்தே என்னும் களி, கைமா உருண்டை, கால் சூப், தொன்னையில் பிரியாணி. காட்டன்பேட்டையில் எஸ்.ஜி. ராவ் மிலிட்டரி ஹோட்டல் 1908 முதல் நடக்கிறது. 1638க்குப் பிறகு சிவாஜியின் தந்தை ஷாஜியின் கைக்குப் பெங்களூர் வந்தது. அவருடைய மராட்டியப் படையினருக்குச் சமைத்துப் போட்ட வழக்கத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பார்கள் சிலர். இல்லை, வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட் காலத்துப் பெயர் என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும், பலகையில் ஆடு என்றோ கோழி என்றோ ஒரு சொல் கிடையாது. 'மிலிட்டரி' என்றதுமே வர வேண்டியவர் உள்ளே வந்தார், விலக வேண்டியவர் விலகினார். நம் பக்கத்திலும் பழைய ஊர்களில் மிலிட்டரி ஹோட்டல்கள் இருந்தன. பின்னாளில் அந்த வேலையை முனியாண்டி விலாஸ் பலகைகள் எடுத்துக்கொண்டன.

வர வேண்டியவர், விலக வேண்டியவர் என்று சொன்னேன் அல்லவா? பலகை அழைப்பது மட்டுமல்ல, தடுக்கவும் செய்யும். லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர்., அதாவது மாவள்ளி டிபன் ரூம்ஸ், 1924இல் தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1960இல்தான் இன்றைய பெயர் வந்தது. சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய 'பிராமின்ஸ் காபி பார்' அதே பெயரோடு இன்றும் இருக்கிறது. அங்கே இட்லியும் சட்னியும் எல்லோருக்கும் கிடைக்கும். எல்லாச் சாதியாரும் தெருவில் நின்று சாப்பிடுகிறார்கள். ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் கண்ணுக்கு அந்தப் பலகை உறுத்தாமல் இருக்காது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு, பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையை விட்டுப் போயிற்று. ஒரு பலகைக்காகவா சிறை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பலகையைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான். கடையின் பெயரை அழகுக்காக மட்டும் ரசித்துவிட்டுப் போவது பாதிப் படிப்பு.

சாதிப் பெயரும் நாற்காலியும் இல்லாத ஒரு பலகை 1983இல் ஜெயநகரில் வந்தது: 'கபே தர்ஷினி'. டோக்கன் வாங்கி, நாமே எடுத்துக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். சில ஆண்டுகளுக்குள் பெங்களூர் முழுவதும் உபஹார தர்ஷினி, கணேஷ் தர்ஷினி என்று தர்ஷினிகளாக முளைத்துவிட்டன. இந்தப் பலகையின் கீழ் யாரும் யாரையும் யாரென்று கேட்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பெங்களூர்ப் பலகை இதுவே.

மல்லேஸ்வரத்தில் இன்னொரு விசித்திரம். வெண்ணெய் தோசைக்குப் பேர்போன கடையின் இன்றைய பெயர் ஸ்ரீ சாகர். ஆனால் ஆட்டோக்காரரிடம் ஸ்ரீ சாகர் என்று சொன்னால் யோசிப்பார், சி.டி.ஆர். என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். சென்ட்ரல் டிபன் ரூம் என்ற பழைய பெயரை ஊர் விடவில்லை.

இனி எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்களும் அதன் எழுத்தைப் பார்த்து ரசிக்கலாம். வட்டமான உடல், அதன் தலைமேல் ஒரு சிறு கோடு. கன்னடத்தில் அதைத் 'தலெகட்டு' என்பார்கள். கையால் போர்டு எழுதும் பெயின்டர் இந்தத் தலைக்கட்டில்தான் தன் கைவரிசையைக் காட்டுவார். ஒருவர் அதைக் கொடியின் நுனிபோலச் சுழித்து விடுவார், இன்னொருவர் பட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் வெட்டி நிறுத்துவார். சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எனாமல் பெயின்டில் எழுத்தை நிரப்பி, காய்ந்த பிறகு ஒரு பக்கம் நிழல் கொடுத்து, மூலையில் தன் பெயரைச் சின்னதாக எழுதி முடிப்பார். அவென்யூ ரோட்டிலும், இசைக்கருவிக் கடைகள் நிறைந்த பலேபேட்டையிலும் அந்தக் கைகளின் வேலையை இன்னும் பார்க்கலாம்.

பிளெக்ஸ் வந்ததும் இந்தத் தொழில் நலிந்தது. ஒரு மணி நேரத்தில் அச்சாகி வரும் மலிவான சரக்கோடு தூரிகை எப்படிப் போட்டியிடும்? 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் கண்டிப்பால் மாநகராட்சி பிளெக்ஸ் பேனர்களை அகற்றியபோது, அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த பழைய கட்டடங்களும் பலகைகளும் கொஞ்ச காலம் வெளிச்சத்துக்கு வந்தன.

அதன்பின் வந்தது அறுபது சதவீத விதி. பலகையில் குறைந்தது அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கடைகளுக்கு 2024 பிப்ரவரி 28 வரை கெடு வைத்தார்கள். இது நியாயமான விதி. அந்தந்த ஊரின் எழுத்து அந்தந்த ஊரில் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் தமிழுக்கு முதலிடம் தரும் விதி உண்டு. என் வருத்தம் வேறு. கெடுவுக்குப் பயந்து அவசரமாக மாட்டிய பல பலகைகளில் கன்னடம் உயிரில்லாமல் இருக்கிறது. ஆங்கிலப் பெயருக்கு ஓவியரை வைத்து வடிவம் அமைத்த நிறுவனம், கன்னடத்துக்குக் கணினியில் கிடைத்த முதல் எழுத்துருவைப் போட்டு நீட்டி நிரப்பிவிடுகிறது. சதவீதத்தைச் சட்டம் அளக்கலாம், அழகை அளக்க அதனால் முடியாது. அது கடைக்காரரின் பொறுப்பு.

அடுத்த முறை பெங்களூர் போகும் நேயர்கள் பச்சை வழி மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி, அவென்யூ ரோடு வழியாகக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தபடி நடந்து வாருங்கள். பிடித்த பலகை கண்ணில் பட்டால் கடைக்காரரிடம் கேட்டுப் படம் எடுங்கள், எழுதியவர் யார் என்று விசாரியுங்கள். கடை வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பலகையை மாற்றும் நாள் வந்தால், பிளெக்ஸ் கடைக்குப் போகும் முன் உங்கள் ஊரில் போர்டு எழுதுபவர் யாராவது இருக்கிறாரா என்று தேடி, அவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.