வீட்டு மனையின் விலையும் குடும்ப உறவும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சமணர் மலையடிவாரத்தில் நம் பாட்டனார் காலத்தில் ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை, இன்று நாம் சென்ட் கணக்கில் பேசுகின்றோம். 1966இல் பல்கலைக்கழகம் தொடங்கிய பின் நாகமலைப் பக்கம் குடியேற்றம் பெருகியது. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. நகருக்குள் வாங்க இயலாதோர் தேனி சாலையை நோக்கி வந்தனர், வயல்கள் மனைகளாயின.

பாட்டனார் கட்டிய வீட்டில் மகன்மார் ஆளுக்கோர் அறையில் குடும்பம் நடத்தினர். அடுத்த தலைமுறையில் அதே வீடு சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டது. இன்றைய இளைஞரோ ஒத்திக்கு வீடு பிடிக்கின்றார். அந்த ஒத்திப் பணத்தைச் சேர்ப்பதற்கே வளைகுடா செல்வோரும் உளர்.

மகளின் திருமணத்திற்கென மனை வாங்கிப் போட்டவர்களும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, விற்க வழியின்றித் தவித்தனர். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தபிறகே சற்று மூச்சு விட்டனர்.

இவற்றினும் நம்மை வருத்துவது சகோதரிகளின் பாகம் பற்றிய வழக்கேயாகும். நிலத்திற்கு விலையில்லாக் காலத்தில், "அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்" என்று வாய்மொழியாக விட்டவர்கள் பலர். இன்று அவர்களுடைய பிள்ளைகள் வாடகை வீட்டிலிருந்து அப்பாகத்தைக் கேட்கின்றனர். அதனைப் பேராசை என்பது முறையன்று. "சீதனம் கொடுத்தாயிற்றே" என்பதும் பதிலாகாது. சீதனம் வாரிசுரிமையைக் கழிக்காது. வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை என்போரும் அறிய வேண்டும்: 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மையே, ஆயினும் 1949ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே வயலாயினும் வீடாயினும் மகனுக்குரியதில் பாதி மகளுக்கு உண்டு.

வாழ்நாளிலேயே பிள்ளைகளுக்கு எழுதிவிட நினைக்கும் தந்தையருக்கு ஒரு சொல். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்திற்கு 2023 ஜூலையில் முத்திரைத்தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாயாகவும், பதிவுக்கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. கிரயப் பத்திரச் செலவோடு ஒப்பிட இது குறைவேயாயினும் அவசரப்படலாகாது. வீட்டை ஒரே மகனுக்கு எழுதிவிட்டு, அவ்வீட்டின் திண்ணையில் விருந்தாளியைப் போல் அமர்ந்திருக்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிக்கத் தவறினால் பத்திரத்தை ரத்துச்செய்ய வழி தருகிறது. பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால்தான் அவ்வழி எளிதாகும்.

பாகப்பிரிவினை பேச விரும்புவோர் மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களுடன் ஜமாஅத் அலுவலகத்திற்கு வருமாறு வேண்டுகிறோம். சகோதரிகளையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் இல்லாத இடத்தில் நாம் பேச்சைத் தொடங்குவதில்லை.