கச்சான் காற்றும் லயத்துச் சுவரும்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி நெருங்குவதை அறியப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. லயத்து வாசல்களில் சுண்ணாம்பு வாளியும் பிரஷும் தோன்றிவிடும். ஆண்டு முழுவதும் விறகுப் புகையால் கறுத்த சுவர் பண்டிகையன்றாவது வெண்மையாக விளங்கவேண்டும் என்பது இல்லத்தாரின் ஆசை. உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் ஒரே சிறிய அறையில் என்றிருக்கும் குடும்பத்துக்கு, சுவரின் வெண்மை அழகு மட்டுமன்று, வெளிச்சமும் ஆகும்.

ஆயினும், தீபாவளிக்கு அடித்த வெள்ளை தைப்பொங்கலுக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். பழி பிரஷின் மீதோ, அடித்தவர் மீதோ விழும். பெரும்பாலும் காரணம் சுவரில் தங்கிய ஈரமே. ஊவாவின் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீடிப்பது. இரு பண்டிகைகளும் அம்மழைக் காலத்திலேயே வருகின்றன. தகரக் கூரையின் ஒழுக்கும் நிலத்தின் கசிவும் சேர்ந்து சுவரை நனைத்திருக்கும் வேளையில் பூசப்படும் பூச்சு எவ்வாறு நிலைக்கும்?

ஜூலை முதல் செப்ரெம்பர் வரை நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பெய்துவிட்டு, மலையைக் கடந்து, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த மணம் இப்பருவத்துக்கே உரியது. கொழுந்துக்கு மணமூட்டும் அதே காற்றுச் சுவரையும் உலர்த்துகின்றது.

இங்கேதான் ஓர் இடர். வறட்சியில் கொழுந்து குறையும். கையில் காசும் குறையும். தீபாவளி முற்பணம் கிடைப்பதோ பண்டிகையை ஒட்டியே. சுவருக்கு ஏற்றது ஆவணி. பணம் வருவது ஐப்பசி. ஆதலால் வேலையை இரண்டாகப் பகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

பணம் மிகுதியாக வேண்டாத வேலைகளை ஆவணியிலேயே முடித்துவிடலாம். கூரை ஒழுக்கை அடைத்தல், உதிரும் பழம் பூச்சைச் சுரண்டுதல், புகைக்கரியைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுதல், வெடிப்புகளை நிரப்புதல், பின்னர் பல நாள் காற்றாட விடுதல் ஆகியவை அவை. கரியைக் கழுவாது பூசினால் பழுப்புக் கறை மீண்டும் மேலெழும். இவ்வளவும் முடிந்திருந்தால், ஐப்பசியில் மழை ஓய்ந்த ஓரிரு நாள்களே பூச்சுக்குப் போதும்.

கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய லயங்களுக்குச் சுண்ணாம்பே உகந்தது. அது சுவரின் ஈரம் வெளியேற வழிவிடும். விலையுயர்ந்த இமல்ஷன் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, கொப்புளித்து உரியும். சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஓரிரவு வைத்து, துணியில் வடித்துப் பால் பதமாக்கிக்கொள்ளவேண்டும். சுவரில் சிறிதே நீர் தெளித்து, முதற்பூச்சை மேலிருந்து கீழாகவும், அது காய்ந்தபின் அடுத்ததைக் குறுக்காகவும் அடிக்கவேண்டும். தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் உறுதியானவை. மேடுபள்ளமான கற்சுவரில் ரோலர் பள்ளங்களைத் தொடாது. அங்கே பிரஷே துணை. சுண்ணாம்பு கண்ணை எரிக்கவல்லது. சிறுவரை விலக்கி வைத்தல் இன்றியமையாதது. தவறிக் கண்ணில் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியரை நாடவேண்டும்.

2016ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகளைக் கட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தகைய புதிய தனிவீடுகளின் சமமான சீமெந்துச் சுவர்களுக்கு ரோலர் பொருந்தும். புதுச் சாந்து நன்கு இறுகி உலர ஏறத்தாழ ஒரு மாதம் விட்டு, முதலில் அடிப்பூச்சுப் பூசவேண்டும். பின்னர், மூலைகளையும் கதவு, யன்னல் ஓரங்களையும் இரண்டங்குலப் பிரஷால் தீட்டி, அவ்வோரம் காயுமுன் ரோலரை உருட்டினால் இணைப்புத் தெரியாது. ரோலரைத் தட்டில் உருட்டி மிகுந்த பூச்சை வடியவிட்டால் தரையிலும் சொட்டாது.

நல்ல கருவி வாங்க இயலாத இல்லமும் நல்ல காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கச்சான் வீசும்போதே சுவரை ஆயத்தம் செய்து வைத்த வீட்டில், தீபாவளிக்கு அடித்த வெண்மை தைப்பொங்கலையும் கண்டு நிற்கும், முற்பணமும் வீண்போகாது.