பாயில் இடம் இருக்கு, வாங்கக்கா
(உத்திரமேரூர் வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்று கடன், தவணை பற்றிப் பேசப் போவதில்லை. தினமும் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறாரே தூய்மைக் காவலர், அவரைப் பற்றிப் பேசுவோம்.

சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு உறுப்பினர் தூய்மைக் காவலராக இருக்கிறார். தெருத் தெருவாகக் குப்பை வாங்கி, கொட்டகையில் தரம் பிரித்துவிட்டு, அரை மணி நேரம் தாமதமாக வந்தார். வழக்கம்போல ஐந்து ரூபாய் அபராதம் என்று நோட்டில் எழுதினார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பாயில் இடம் இருந்தும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "உள்ள வாங்கக்கா" என்றோம். "வேணாம் மேடம், என் மேல நாத்தம் அடிக்கும்" என்றார்.

அவரை யாரும் விரட்டவில்லை. ஆனால் அதுவரை யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. அது நம்ம வீட்டுக் குப்பையோட நாத்தம்தானே? அதுக்கு அவர் ஏன் கூச்சப்படணும்?

நம் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்திலேயே, குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. பெருமைதான். ஆனால் சொந்த நிலம், சொந்த வீடு, படிப்பு எல்லாம் உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். கூலி வேலை செய்தவர்களுக்கு இல்லை. இன்று நம் குழுவில் எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிறோம். அதிலும் ஒருத்தர் படிக்கு ஒதுங்கினால், நாம் குழு நடத்தி என்ன பயன்?

தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்தது. கையால் மலம் அள்ளும் வேலையை 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நம் வாயில் மட்டும் இன்னும் "குப்பைக்காரி வந்துட்டா"தான். நாம் சொல்வதைத்தான் பிள்ளைகளும் சொல்லும்.

இனி அவரைப் பேர் கேட்டு, வயசுக்கு ஏத்த மாதிரி அக்கா, அண்ணே, தங்கச்சி என்று கூப்பிடுவோம். தண்ணி கேட்டால் நாம் குடிக்கிற சொம்பிலேயே கொடுப்போம். மக்கும் குப்பை, மக்காத குப்பையைத் தனித்தனியாகக் கொடுப்போம். உடைந்த கண்ணாடி, பிளேடு, நாப்கின் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றித் தனியே வைப்போம். அதைப் பிரிக்கிறதும் நம்மைப் போல ஒரு பெண்ணோட கைதான். வீட்டு மலக்குழி நிரம்பினால் உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடுவோம். ஆளை இறக்கவே கூடாது. உயிர் போகும், சட்டப்படி குற்றமும் கூட.

அந்தக் குழுவில் அன்றைக்கே அபராதத்தை அடித்துவிட்டு, கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றித் தீர்மானம் எழுதினார்கள். இந்த மாதம் அவர் நேரத்துக்கு வந்தார். பாயின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பாட்டி, "இன்னும் உள்ள வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

உங்கள் குழுவில் யார் ஓரத்தில் உட்காருகிறார் என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள்.