யாரும் கட்ட விரும்பாத வேஷம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பமும் எதிர்காலமும்" என்று ஏதாவது பேசுங்கள் என்றார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டு, "நான் எல்ஃப், நீ மந்திரவாதி" என்று சொல்லிக்கொள்ளும் தம்பிகள் இங்கேயும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சூதாட்டமோ என்று வார்டன் ஐயா பயப்பட வேண்டாம், அது கதையாட்டம்தான்.

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற இந்த ஆட்டம் 1974ல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது. நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, வாயாலேயே கதையை நடத்த வேண்டும். ஒருவர் கதை சொல்லி. ஒரு காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே நீங்கள் எந்த இனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், அழகும் நீண்ட ஆயுளும் உள்ள எல்ஃப், கட்டுமஸ்தான குள்ளர், இப்படிப் பல உண்டு. பெரும்பாலோர் மனிதரையோ எல்ஃபையோ எடுப்பார்கள். யாருக்குத்தான் அழகாக இருக்க ஆசையில்லை?

எங்கள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஒரு குழு உண்டு. அதில் நான் எடுத்தது கோபோல்ட். "கோபாலா?" என்று எங்கம்மா கேட்டார்கள். கோபால் இல்லை, கோபோல்ட். இரண்டு மூன்று அடி உயரம், பல்லி மூஞ்சி, வால் வேறு. 2016ல் வந்த விதிப் புத்தகத்தில் அதற்கு உடல் வலிமை 2 குறைவு, வெயில் பட்டால் கண் கூசும். "உனக்கு ஏன்யா இந்த வேலை?" என்றார்கள் நண்பர்கள்.

அதே புத்தகத்தில் கோபோல்ட்டுக்கு ஒரு வித்தை உண்டு. எதிரிக்கு முன்னால் கூனிக்குறுகி, கெஞ்சி, அழுது அவன் கவனத்தைத் திருப்பலாம். அந்த நேரத்தில் கூட்டாளிகள் பகடையை இரண்டு தடவை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதாவது இவன் அவமானப்பட்டால் குழுவின் அடி சரியாக விழும். தனக்கென்று ஒரு லாபமும் இல்லை. இதைப் படித்தவுடன், இது நமக்குத் தெரிந்த ஆளாயிற்றே என்று தோன்றியது. எங்கே பார்த்தோம்? திண்டிவனம் பக்கத்துத் தெருக்கூத்தில் பார்த்தோம்.

நம்ம பகுதி திரௌபதி அம்மன் பூமி. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியை அம்மனின் ஆதி இடமாகச் சொல்கிறார்கள். கோடையில் ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. வில் வளைப்பு, வஸ்திராபரணம், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய், பதினெட்டாம் போரில் படுகளத்தில் முடியும். களிமண்ணில் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்து, அவன் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தால் அம்மன் கூந்தல் முடிவதைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.

கூத்தில் வேஷம் ஒதுக்குவது வாத்தியார் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவன், எல்லாருக்கும் தருமராகவோ கிருஷ்ணராகவோ நிற்கத்தான் ஆசை இருக்கும் என்று நினைப்பான். அப்படி இல்லை. கதையில் கெட்டவனான துரியோதனன், கூத்தில் ராஜ வேஷம். பெரிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டு, திரை விலகியதும் கிறுகிறுவென்று சுற்று. அதைக் கட்டப் போட்டியே நடக்கும். ஆள் கிடைக்காத வேஷங்கள் வேறே.

என் தாய்மாமா திண்டிவனம் பக்கம் ஒரு ஜமாவில் பல வருஷம் துச்சாதனன் கட்டியவர். "அண்ணன் வேஷம்னா பத்து பேரு வருவான்டா. தம்பி வேஷம்னா ஆளைத் தேடணும்" என்பார். காரணம் எளிது. வஸ்திராபரணத்தன்று ஊர்ப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். "நீ நாசமாப் போவ" என்று பாட்டிகள் நிஜமாகவே சாபம் விடுவார்கள். மறுநாள் டீக்கடையில்கூட ஒரு மாதிரி பார்ப்பார்கள். புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடரும் வழக்கம் பல ஜமாக்களில் உண்டு. மாமாவும் அப்படித்தான். ஏன் மாமா இதையே கட்டறீங்க என்று கேட்டேன். "நான் சரியா இழுத்தாத்தான்டா அவ சபதம் நிக்கும். நான் பயந்து பயந்து இழுத்தா, பாரதமே நடக்காது" என்றார்.

நான் பொறியாளன் என்பதால் இதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு அமைப்பின் பலம் அதன் அழகான பாகத்தில் இல்லை, எடை தாங்கும் பாகத்தில் இருக்கிறது. டிசைன் குழுவுக்கு ஆள் கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். டெஸ்டிங்குக்கும், பராமரிப்புக்கும், ராத்திரி ஷிப்டுக்கும் கேட்டால் எல்லாரும் செருப்பைப் பார்ப்பார்கள். ஆனால் இன்னொருவன் செய்ததில் குறை கண்டுபிடித்து, திட்டு வாங்கிக்கொண்டு, அதைச் சரி செய்ய வைப்பவன் இல்லையென்றால் எந்தப் பொருளும் வாசலைத் தாண்டாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "நான் வித்தியாசமானவன்" என்று காட்டுவதற்காக மட்டும் இப்படி ஒரு வேஷத்தை எடுக்காதீர்கள். நாலு பேர் ஒரு கதையை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, கோபோல்ட் என்ற பெயரில் குறுக்கே குறுக்கே கோமாளித்தனம் செய்தால் ஆட்டம் கெடும். நம்ம கட்டியக்காரனைப் பாருங்கள். எல்லாரையும் கிண்டல் செய்வான், ராஜாவையே வாருவான், ஆனால் கதையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறவனும் அவனே. சிரிக்க வைப்பது அவன் உரிமை, கதையைக் காப்பது அவன் கடமை.

யாரும் விரும்பாத வேஷங்களுக்கெல்லாம் பெரியது அரவான் வேஷம். போரில் பாண்டவர் ஜெயிக்க, முப்பத்திரண்டு லட்சணமும் உள்ள ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படி மூன்று பேர்தான். கிருஷ்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான். முதல் இரண்டு பேரும் போருக்கு வேண்டும். அரவான் ஒப்புக்கொண்டான். சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும் என்றான். மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வந்து மாலை போட்டான். கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துவது அந்த மோகினியாகத்தான். கூவாகம் 2019லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் நம்ம விழுப்புரம் மாவட்டம். திருவிழா நாட்களில் விழுப்புரம் லாட்ஜ்களும் பஸ் ஸ்டாண்டும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர்களைப் பார்த்து நம்மில் சிலர் எப்படிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. என் மாமா விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிடுவார். நான் ராத்திரி பதினோரு மணிக்குப் பகடையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். எங்கள் அவமானம் சில மணி நேரக் கடன். கலைக்க முடியாத வேஷத்தை ஊரே மாட்டிவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். 2008ல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்குகிறவனைத் தீர்ப்பு வந்து தள்ளி உட்கார வைக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

பிறப்பை வைத்துக் குணம் ஒதுக்குவது அந்த ஆட்டத்திலும் இருந்தது. கோபோல்ட்டுக்கு வலிமை குறைத்த அதே 2016 புத்தகம், ஓர்க் என்ற இனத்துக்குப் புத்தியில் 2 குறைத்தது. ஆடுகிறவர்களே "இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள். 2020ல் அந்தக் குறைப்புகளை நீக்கினார்கள். 2024ல் வந்த புதிய விதிநூலில் "ரேஸ்" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். கூடுதல் மதிப்பெண் பிறந்த இனத்தால் வருவதில்லை, அந்தப் பாத்திரம் முன்பு செய்த தொழிலாலும் வாழ்ந்த வாழ்க்கையாலும் வருகிறது. ஒரு விளையாட்டு அதன் விதியைத் திருத்திக்கொள்ள ஐம்பது வருஷம் ஆயிற்று.

நம்ம ஊர் விதி? 1978ல் இதே விழுப்புரம் நகரில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். பெரியவர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அது பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. பக்கத்து மேல்பாதியில், அதே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் யார் வரலாம் யார் வரக்கூடாது என்ற தகராறில் 2023 ஜூனில் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. சபையில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டவள் எந்தத் தெய்வமோ, அவள் வாசலிலேயே இன்னொருவரை நிறுத்தி வைப்பதற்கு நமக்கு எப்படி மனசு வருகிறது?

தம்பி தங்கைகளே, உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை ஆட்டத்துக்கு உட்காரும்போது, உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத இனத்தை எடுத்து மூன்று வாரம் ஆடிப் பாருங்கள். அது எப்படி நடக்கும், எதற்குப் பயப்படும், யாரிடம் சிரிக்கும் என்று யோசிக்க வேண்டி வரும். எல்ஃபுக்கு அதை ஆயிரம் சினிமா சொல்லிவிட்டது. கோபோல்ட்டுக்கு நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வகுப்பில் தனியாக உட்காரும் ஒரு மாணவனைப் பார்த்தால், அதே மூன்று கேள்விகளை அவனுக்காகவும் கேளுங்கள். இந்தத் தடவை பதிலை நீங்களே கற்பனை செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவனிடமே கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருகிற கல்லூரி நாளுக்கு சினிமா நடனத்தைக் கொஞ்சம் குறைத்து, நம்ம பக்கத்து ஜமா ஒன்றை அழைத்து ஒரு ராத்திரி கூத்து வையுங்கள். மாணவர்களும் அவர்களோடு பயிற்சி எடுத்து வேஷம் கட்டட்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளே கட்டை வேஷம் கட்டி ஆடினார்கள், நம்ம தங்கைகளாலும் முடியும். செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். துரியோதனனுக்குப் போட்டி இருந்தால் நீங்களே குலுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். துச்சாதனன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கற்பூரத்தோடு வந்துவிடுகிறேன்.