'வேண்டாம்' என்பதில் என்ன கமிஷன்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுக்கும் மிளகும் மணக்கிற மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சீக்கிரமே கதவு சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

மருந்துக் கடையில் க்ரீமுக்கும் சோப்புக்கும் ஆலோசனை சொல்வது சேவையா, வியாபாரமா? சேவையே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "மேலே பூசுற க்ரீமுக்கு எதுக்கய்யா ஆலோசனை? உள்ளேயா போகப்போகுது?"

போகிறது ஐயா! மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை சிறுநீரக நோயோடு ஒரே மருத்துவமனைக்கு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அபூர்வ வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். பூசியது முகத்தில், அடி விழுந்தது சிறுநீரகத்தில்! மருத்துவர்கள் கைகாட்டியது பாதரசத்தை. முகப்பூச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்கிறது சட்டம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனைக்கு இறங்கியபோது, அந்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்த சரக்கு சிக்கியது. டப்பாவைத் திருப்பி, லைசென்ஸ் எண் இருக்கிறதா, தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

"கமிஷனுக்காகத் தலையில் கட்டுகிறார்கள்" என்றார் அடுத்தவர். கட்டுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நிற்கிறேன். ஃபோர்ட்கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கிற நம் அக்கா ஒருவர் வந்தார். "தம்பி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அதே டியூப் இன்னொண்ணு கொடு." பழைய டியூபைப் பிதுக்கிச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார். பார்மசிஸ்ட் அதை விரித்துப் படித்தார். மொமெட்டாசோன், ஸ்டீராய்டு! "அக்கா, முதல்ல பளபளன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினா எரியும். டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன். பாப்பாவைத் தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க." அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. 2018-லேயே 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது.

அதோடு விட்டாரா? "உங்க கையைக் காட்டுங்க" என்றார். சோடாவிலும் ப்ளீச்சிங் பவுடரிலும் ஊறி, வெடித்து, ரத்தம் கசிகிற கை. "ஈரம் காயறதுக்குள்ள பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. வேலைக்கு உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை." சின்ன டப்பா ஒன்றுதான் விற்றது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிதான் தம்பி, துணி வெளுத்தாப் போதும், முகம் எதுக்கு வெளுக்கணும்!"

நடுவர் அவர்களே, விலை கூடின டியூபை வேண்டாம் என்றவருக்கு அதில் என்ன கமிஷன்? மருந்தைக் கொடுத்து விளக்கமும் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015-ன் மருந்தகத் தொழில் விதிமுறைகளே சொல்கின்றன. கடமையைச் செய்பவரை வியாபாரி என்று தீர்ப்பெழுதினால், நாளை அவர் வாயை மூடிக்கொண்டு டியூபை நீட்டிவிடுவார். நம் பிள்ளைகளின் முகத்தை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்: சேவையே!