பேசிக்கிட்டே ஓடுங்க

உடம்பு குறையணும்னு ஓட ஆரம்பிக்கிற பல பேர் சில நாள்லயே நிறுத்திடறாங்க. சோம்பலால இல்லீங்க, வேகத்தால. மெரினாவுல இப்படிப் பல பேரைப் பார்த்திருக்கேன். புது ஷூ, முதல் நாளே தலைதெறிக்க ஓட்டம். கொஞ்ச நேரத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திடுவாங்க. மூச்சு சீக்கிரம் பழகிடும். முட்டியும் தசைநாரும் மெதுவாத்தான் பழகும்.

அதனால 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. இப்படியே மாறி மாறி மொத்தம் 20 நிமிஷம். வாரத்துல 3 நாள் போதும். பக்கத்துல வர்றவரோட பேச முடியுதா? அதுதான் சரியான வேகம். பேச முடியலையா, நடங்க.

முடிச்சதும் டீக்கடை வடைகிட்ட போயிடாதீங்க. ஓடிக் கரைச்சது ரெண்டே வடையில திரும்பி வந்துடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. நாளைக்குக் காலையில, பேசிக்கிட்டே ஓடுங்க.