நகையும் அச்சமும்



மாந்தர் உள்ளத்தில் தோன்றி மெய்யிலே புலப்படும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார். அவற்றுள் முதலாவது நகை, ஐந்தாவது அச்சம். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அச்சம் பிறக்கும் இடங்களும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கே. பேயும் அதன் இனத்தனவும் அணங்கில் அடங்கும். இறை என்பது அரசன். இக்காலத்து மொழியிற் சொன்னால் ஆளும் அதிகாரம்.

இந்தப் பழைய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்களை நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். அச்சமூட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட படங்கள் நான்கில் ஒன்றாகிய அணங்கையே மீண்டும் மீண்டும் பற்றிக்கொண்டு நிற்கின்றன. சிரிப்பூட்ட வந்த படங்கள் சிலவோ, கொழும்பில் வாழும் தமிழர் நன்கறிந்த மற்றோர் அச்சத்தைத் தொட்டுவிடுகின்றன.

முதலிற் பேய்ப்படங்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய படங்களைக் குடும்பத்தோடு பார்ப்பதே வழக்கம். பிள்ளைகள் தாயின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, அதன் ஓரத்தால் எட்டிப் பார்ப்பார்கள். அச்சமும் ஆவலும் ஒருங்கே நிற்கும் அந்த நிலையே இப்படங்களின் முதலீடு. ரஜினிகாந்த் நடித்து 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சந்திரமுகி’யும், ராகவா லாரன்ஸ் 2011ஆம் ஆண்டில் அளித்த ‘காஞ்சனா’வும் பேயையும் பகிடியையும் ஒரே தட்டிற் பரிமாறி வெற்றி கண்டன. ‘காஞ்சனா’வின் நாயகன் வளர்ந்த ஆண்மகன், இரவானால் தாயின் துணையின்றி அசைய மாட்டாதவன். இது பேதைமையிற் பிறக்கும் நகை. ஆயினும், திருநங்கை ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அப்படம் சொல்லும்போது நகையும் அச்சமும் ஒருங்கே விலகி, இரக்கம் வந்து அமர்கிறது. பேயைவிடப் பேயை உண்டாக்கிய மனிதனே அஞ்சத்தக்கவன் என்பதை அந்தப் பகுதி உணர்த்துகிறது.

அதன் பின்னர் வந்த பல படங்கள் இந்த உட்பொருளை விட்டுவிட்டு, வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. பாழடைந்த மாளிகை, அங்கே குடிபுகும் பெருங்குடும்பம், இருளில் ஓடும் நகைச்சுவை நடிகர் கூட்டம், இறுதியில் மந்திரவாதி! 2014இல் தொடங்கிய ‘அரண்மனை’ வரிசை 2024இல் நான்காம் பாகத்தை எட்டியது. திடீரென்று எழும் பேரோசையால் உடல் திடுக்கிடும், உள்ளம் அஞ்சுவதில்லை. பட்டாசு வெடித்தாலும் உடல் திடுக்கிடும் அன்றோ? அதனைக் கலை என்று எவரும் கூறுவதில்லை.

இதற்கு மாறாக, மிஷ்கின் இயக்கி 2014இல் வெளிவந்த ‘பிசாசு’ தனித்து நிற்கிறது. வீதி விபத்தில் உயிர் நீத்த ஓர் இளம்பெண்ணின் ஆவி அதிலே வருகிறது. அது பழிவாங்க வரவில்லை. தன்னைக் காக்க முயன்றவனின் வீட்டிலே தங்கி, அவன் குடிப்பதைத் தடுத்து, அவனைக் காவல் செய்கிறது. தொடக்கத்தில் அஞ்சியவர்கள் முடிவில் அந்தப் பேய்க்காகக் கண்ணீர் விடுகிறார்கள். அண்மைக்காலப் பேய்ப்படங்களுள் முதலிடம் இதற்கே உரியது.

எனினும், நகையும் அச்சமும் எவ்வளவு நெருங்கிய உறவின என்பதை இவையனைத்துக்கும் முன்னரே ஒரு படம் காட்டிவிட்டது. அது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, ஆண்டு 1964. படம் பிடிக்கும் ஆசை கொண்ட மகனாக நாகேஷ், செல்வந்தத் தந்தையாக டி. எஸ். பாலையா. மகன் ஒரு திகிற் கதையைச் சொல்கிறான், தந்தை கேட்கிறார். பேயுரு எதுவும் திரையில் வருவதில்லை. சொல்பவனின் குரலும் அவன் வாயால் எழுப்பும் ஓசைகளும், கேட்பவரின் முகத்திலே படரும் கலக்கமுந்தான் அங்குள்ளவை. அவர் அஞ்ச அஞ்ச நமக்குச் சிரிப்பு மிகுகிறது. ஒருவன் அச்சம் மற்றவனுக்கு நகையாவது எப்பொழுது? அஞ்சுவதற்குரிய பொருள் உண்மையில் அங்கே இல்லாதபொழுது. இந்த வரையறையை மனத்தில் இருத்திக்கொண்டால், அடுத்துச் சொல்லப்படுவது எளிதில் விளங்கும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தெனாலி’யிலே கமல்ஹாசன் எதைக் கண்டாலும் அஞ்சும் ஓர் இலங்கைத் தமிழனாக நடித்தார். அவருக்கு யாழ்ப்பாணத் தமிழைப் பழக்கியவர் நம் நாட்டு ஒலிபரப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத். அரங்கு சிரித்தது. ஆனால் தெனாலியின் அச்சங்கள் போரிலே பிறந்தவை. அவற்றின் காரணங்கள் இந்நாட்டில் உண்மையாகவே இருந்தன. ஆகவே சென்னையிற் சிரித்த சிரிப்பும் கொழும்பிற் சிரித்த சிரிப்பும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. எள்ளல் இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரை: பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுவது மற்றொன்று. கொழும்புத் தமிழர் சிரித்தது இரண்டாவது வகைச் சிரிப்பு.

பேச்சின் வேறுபாட்டை வைத்துச் சிரிப்பது இங்கே புதியதன்று. இலங்கை வானொலியிற் புகழ்பெற்ற ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று. மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், அந்தணர் தமிழ் என நான்கு தமிழும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன, எவரும் காயப்படவில்லை. நாடு முழுவதும் ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரித்தார். தம் பேச்சைக் கேட்டுத் தாமும் சிரித்தார்.

ஏழாண்டுகளின் பின், 1983 யூலையில், அதே வேறுபாடு உயிர் பறிக்கும் அடையாளமாயிற்று. வழிமறித்த கும்பல்கள் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து ஆளை இனங்கண்டன. வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ அத்தகைய சொற்களுள் ஒன்று. நாக்கு ஓர் எழுத்திலே தடுமாறினால் போதும். ஹெந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் அந்நாட்களிலே எரியுண்டது. பின்னர் போர்க்காலம் முழுவதும், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலே தங்கியோர் வாய் திறக்குமுன் இருமுறை எண்ணினர். 2007 யூன் 7ஆந் திகதி அவ்வாறு தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தொல்காப்பியர் இறுதியில் வைத்த ‘இறை’ என்ற அச்சம் இதுவே. இதற்கு மந்திரவாதி இல்லை.

இந்தப் பின்னணியிலேதான் 2025 மே மாதத்தில் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மதிப்பிட வேண்டும். அபிஷன் ஜீவிந்த் இயக்கிய இப்படத்தில் சசிகுமாரும் சிம்ரனும் இலங்கைத் தமிழ்த் தம்பதியர். பொருளாதார நெருக்கடியால் இரு பிள்ளைகளுடன் கடல் கடந்து இராமேஸ்வரம் சேர்ந்து, சென்னையில் ஒரு தெருவிலே குடியேறுகின்றனர். தங்கள் பேச்சை மறைத்து வாழும்படி உறவினர் எச்சரிக்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்தலைவனுக்கு அயலவரோடு கதைக்காமல் இருக்க இயலவில்லை. அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு வேளையும் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் பதைக்கிறது. ஒளிந்திருப்பவன் நல்லவனாகவும் வெள்ளை மனத்தவனாகவும் இருப்பதே இப்படத்தின் நகைக்கும் அச்சத்திற்கும் ஒரே ஊற்று.

குறைகள் இல்லாமலில்லை. இலங்கைத் தமிழின் ஓசை இடையிடையே தளர்ந்துபோகிறது. 2022இல் அவ்வாறு கடல் கடந்தவர்கள் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டார்கள். சென்னைத் தெருவிலே அன்பான அயலவர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த முகாம் வாழ்வைப் படம் எளிதிற் கடந்துவிடுகிறது. நல்லவர்கள் சற்று அதிகமாகவே தென்படுகிறார்கள் என்று சொல்வோரும் உளர்.

இந்தக் கடைசிக் குறையை மட்டும் கொழும்பு இரசிகர் எளிதில் ஏற்கமாட்டார். படத்தின் முடிவில், பேச்சைக் கொண்டு அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வந்த காவலர்முன், தெருவார் தாமும் இலங்கைத் தமிழிலே பேசத் தொடங்குகின்றனர். காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்த பேச்சு, காக்கும் கவசமாகிறது. இது வெறுங் கற்பனையா? 1983இல் தம் உயிருக்கு வரக்கூடிய கேட்டையும் பாராது தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளுக்குள் மறைத்து வைத்த சிங்கள அயலவர் பலர் இந்நகரிலே இருந்தனர். வாசலில் நின்ற கும்பலிடம் இங்கே எவருமில்லை என்று சொன்னவர்கள் அவர்கள். அதனை நேரிற் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகையால் அந்த முடிவு மிகைபோலத் தோன்றினும் பொய்யன்று.

பேய்ப்படம் பார்த்த பிள்ளையிடம், விளக்கைப் போட்டு, பயப்படாதே, அங்கே ஒன்றுமில்லை என்று கூறிவிடலாம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பார்த்த பிள்ளை, அந்தக் குடும்பம் ஏன் தன் தமிழை மறைத்தது என்று கேட்கும். அங்கே ஒன்றுமில்லை என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டிலுள்ள பெரியோர் தாம் கண்டதை, கும்பலையும் அயலவரையும் இரண்டையும் விடாது, சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கதையை இதுவரை சொல்லத் துணியாத குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உண்டு. ஒரு நகைச்சுவைப் படம் அதற்கு வாயிலைத் திறந்து கொடுக்குமானால், அது செய்த தொண்டு பெரிது.